பக்கத்தில்தான் இருக்கிறது

"புது ஏர்போர்ட்டுன்னா ரயில்ல ஏறி உக்காந்தாப் போதும், நேரா வாசல்ல கொண்டுபோய் விட்டுடும். எதுக்குங்க அம்மாவுக்குப் பழைய ஏர்போர்ட்டுல டிக்கெட் போட்டீங்க?"

"அதுதானே நமக்குப் பக்கம்?" என்றார் மாப்பிள்ளை, குனிந்து ஷூ லேஸைக் கட்டியபடி.

"பக்கம்தான். போய்ச் சேரத்தான் முடியாது."

மனைவி சொன்னதில் தப்பே இல்லை. அவளைவிட அவருக்கே அது நன்றாகத் தெரியும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் சுவர் நிறைய திரைகளைப் பார்த்துக்கொண்டு, எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் பச்சை எரிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். ஊருக்கெல்லாம் நெரிசல் இல்லாத வழி சொல்கிற மனிதர், மாமியாருக்கென்று தேடித் தேடிப் பிடித்தது நெரிசலான வழியை. அத்தை இந்த விமானத்தைத் தவறவிட வேண்டும். அதுதான் திட்டம்.

காரணம் இருந்தது. வேலையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், இரண்டாவது சிக்னலைத் தாண்டுவதற்குள் மனைவிக்குக் கொட்டாவி வந்துவிடும். அத்தை வந்த பிறகுதான் அந்த வீட்டில் ஒருவர், சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு எந்த ரோடு மாப்பிள்ளை மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார். "நேத்து குறுக்கே நின்னானே ஒரு லாரிக்காரன், அவன் என்ன ஆனான்?" என்று மறுநாளும் விடாமல் கேட்டார். பாலத்தடிச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டப்போகிறார்கள் என்ற செய்தியைக்கூட, சாம்ராஜ்யம் கவிழ்ந்த கதை மாதிரி கண் கொட்டாமல் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்க அத்தை" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நீங்க ஒரு பேச்சுக்குச் சொல்றீங்க. மாப்பிள்ளை வீட்டுல மரியாதை இருக்கும்போதே கிளம்பிடணும்" என்று சிரித்து மழுப்பிவிட்டார் அத்தை. அதற்குமேல் மாமியாரைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்?

மனைவிக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங். வாசலோடு நின்றுவிட்டாள். மாப்பிள்ளை கீழே வந்தபோது, சாவி வாங்கிக்கொண்டு முன்னாலேயே இறங்கியிருந்த அத்தை காரில் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டி எங்க அத்தை?"

"டிக்கியில வெச்சாச்சு. மாப்பிள்ளையைப் பெட்டி தூக்க விட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? வண்டிய எடுங்க."

பாலத்தடிச் சாலையில் திரும்பியதுமே, நினைத்தபடி எல்லா வண்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மாப்பிள்ளை நிம்மதியாகக் கைபிரேக்கைப் போட்டுவிட்டு, முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டார்.

"இப்படி வந்து மாட்டிக்கிட்டோமே மாப்பிள்ளை?"

"அதான் எனக்கும் புரியல அத்தை."

"உங்க சிக்னல்தானே? ஒரு போன் போட்டுப் பச்சை விடச் சொல்லக் கூடாதா?"

"அப்படியெல்லாம் செஞ்சா வேலை போயிடும்."

"ஐயோ, அப்ப வேண்டவே வேண்டாம்" என்று அத்தை உடனே ஒப்புக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் அலறியது. போலீஸ்காரர் ஓடிவந்து எதிர்ப்பக்கத்துச் சாலையைத் திறந்துவிட்டார். ஆம்புலன்ஸ் போன வழியே மொத்த நெரிசலும் கரைந்தது. மாப்பிள்ளை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். இதே வேகத்தில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்களே.

ஒரு ஸ்கூட்டருக்கு வழிவிட்டார். தண்ணீர் லாரிக்கு வழிவிட்டார். ரோட்டைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாய்க்கும் நின்று வழிவிட்டார்.

"உங்களுக்குத் தங்கமான மனசு" என்ற அத்தை, "அந்த மருந்துக் கடையில நிறுத்துங்க. தலைவலி மாத்திரை ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றார்.

"நேரமாச்சே அத்தை" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டியை நிறுத்தியிருந்தார்.

அத்தை ஒவ்வோர் அட்டையாகத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார். கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று கடைக்காரரையே படிக்கச் சொன்னார். இதைப் போட்டால் தூக்கம் வருமா, வெறும் வயிற்றில் போடலாமா என்று சாவகாசமாக விசாரித்தார். அந்தத் தலைவலிக்கு மாப்பிள்ளை மனசுக்குள் கோடி நன்றி சொன்னார்.

விமான நிலையத்தில், "பெட்டி கிடக்கட்டும், முதல்ல கேட்டுட்டு வருவோம்" என்று அத்தை முன்னால் நடந்தார்.

கவுன்ட்டர்ப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "மூடிட்டோம்மா. நாளைக்குக் காலைல ஒண்ணு இருக்கு. மாத்திப் போடட்டுமா?"

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி அந்த ரோட்டுல வர என் இடுப்பு தாங்காதும்மா. ரெண்டு மாசம் போகட்டும்" என்ற அத்தை அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சிரமம் மாப்பிள்ளை."

"என்ன அத்தை செய்யறது, நம்ம நேரம்" என்றவர், சிரிப்பை மறைக்க இரண்டு தடவை இருமினார்.

வீட்டு வாசலில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அம்மா, நீ பெட்டிய விடு. அவரே தூக்கட்டும், அதான் தண்டனை."

"வேண்டாம்டி, நானே..." என்று அத்தை பதறுவதற்குள் மாப்பிள்ளை டிக்கியைத் திறந்தார். காலை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் பெட்டியை இழுத்தார். அது பஞ்சு மாதிரி எழும்பி அவர் மோவாயில் இடித்தது.

அத்தை அவசரமாகப் பார்வையைத் திருப்பி, மாத்திரை அட்டையில் தேதி பார்க்க ஆரம்பித்தார்.

"ரொம்பக் கனமாங்க? நான் ஒரு கை பிடிக்கட்டுமா?"

"நீ தொடாதே, இடுப்பு போயிடும்" என்று தோளை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை படியேறினார்.