இடியாப்பத் தட்டு முதல் பேழை வரை

"கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குது. அதுக்குள்ள நம்ம ஊட்டையே காலி பண்ணிப்போடுவா போலிருக்குது அந்தப் புள்ள!"

சமையலறை ஆணியைக் காட்டிப் புலம்பினாள் குழந்தையம்மாள். அங்கே தொங்கிய இடியாப்பத் தட்டு இல்லை. முறுக்கு அச்சும் இல்லை.

சௌபர்ணிகாவைக் கட்டிக்கொள்ளப்போகும் அவள் மகன் கிருபாசங்கர் சிரித்தான்.

"சௌபர்ணிகா வாழ்த்து அட்டை செய்யறாம்மா. ஈரக் காகிதத்தைத் தட்டு மேல வெச்சு, சப்பாத்திக் கட்டையால உருட்டுனா, அச்சு அப்படியே மேடா எழும்புது. நம்ம ஊட்டுல ஆளுக்கு ஒரு அட்டை, அவங்கவங்க சாமான் பதிஞ்சு!"

"ஏன், அவ இருக்கற ஆர்.எஸ்.புரத்துல இடியாப்பத் தட்டே கெடைக்காதாமா?"

"நம்ம தட்டுத்தான் வேணுமாம்."

அப்போது பெரியப்பா தம்பிதுரை உள்ளே வந்தார். "என்ற தேங்காய்ப்பூத் துண்டைக் காணோம். யாராச்சும் பாத்தீங்களா?"

கிருபாசங்கர் விட்டத்தை ஆராய்ந்தான்.

"இப்பப் பேழை வேணும்னு கேக்கறாளாமுங்க, மாமா" என்று கோள் சொன்னாள் குழந்தையம்மாள்.

கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கின்போது கூறைப்புடவையை வைத்து, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் ஏந்தி நிற்கும் மூங்கில் பேழை அது.

"பேழையவுமா! எங்க தாத்தா காலத்துதுப்பா. அது இல்லாம இந்த ஊட்டுல ஒரு இணைச்சீரும் நடந்ததில்ல. பத்திரமாத் திரும்பி வரோணும், ஆமா!"

மாப்பிள்ளையின் அக்கா லோகப்பிரியா பேழையைத் துடைத்துத் தம்பியிடம் நீட்டினாள். விவாகரத்தாகித் தாய்வீடு திரும்பியவள். தம்பியின் அருகில் நிற்பதற்கென்றே அரக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தாள். முந்தின நாள்தான் பெரியப்பா தீர்ப்பு வழங்கியிருந்தார்.

"பேழை புடிக்கறவ புருசனோட வாழறவளா இருக்கோணும். என்ற மக ரித்திகா நிக்கட்டும்."

தம்பி மன்றாடினான், தாய் அழுதாள். பெரியப்பா அசையவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. வீடே அதன்மேல் பாய்ந்தது.

"அட, என்ற தட்டேதான்! ஓரத்து நசுங்கல்கூட விழுந்திருக்குது பாருங்க!" என்று துள்ளினாள் குழந்தையம்மாள்.

தம்பிதுரை தம் அட்டையைத் தடவினார். பிறகு கன்னத்தில் வைத்துத் தேய்த்தே பார்த்தார். "என்ற துண்டு! களவாணிப் புள்ள!"

லோகப்பிரியாவின் அட்டையில் மூங்கில் பின்னல், இழை இழையாகப் புடைத்திருந்தது. அவள் விரல் அதைவிட்டு நகரவில்லை.

பெட்டியின் அடியில் தட்டு, அச்சு, துண்டு எல்லாம் திரும்பி வந்திருந்தன.

பேழை மட்டும் இல்லை.

பதறிப்போன பெரியப்பா மணப்பெண்ணுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏன் அம்மணி, பேழை எங்கே?"

"எங்கிட்டப் பத்திரமா இருக்குதுங்க மாமா. மண்டபத்துலயே தந்துபோடறேனுங்க."

"சரி கண்ணு, ரித்திகா வந்து வாங்கிக்குவா."

"இல்லீங்க மாமா. என்ற நங்கையா லோகப்பிரியா கையில மட்டுந்தானுங்க தருவேன். அந்தப் பேழை இல்லாம இணைச்சீரே நடக்காதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

பெரியப்பா மெதுவாகக் கிருபாசங்கர் பக்கம் திரும்பினார். அவன் மறுபடியும் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்த துண்டால் பெரியப்பா முகத்தை மூடிக்கொண்டார். துண்டு குலுங்கியது. கடைசியில் உள்ளிருந்து வெடித்தது சிரிப்பு.

"ரித்திகாகிட்ட நானே சொல்லிக்கறேன். லோகு, அந்த அரக்குப் பட்டை இஸ்திரி போட்டு வை, போ!"

குழந்தையம்மாள் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு, இடியாப்பத் தட்டையும் நீயே வெச்சுக்க!"