இன்னும் ஒரு வருஷம்

“எப்படியாவது இவனை இந்த வருஷமே உங்க காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சார்!” அந்தப் பெண் மைதானத்தைக் காட்டி, குசேராவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

குசேராவுக்கு எரிச்சல் வந்தது. ஆளை மோதி வீழ்த்தி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு, கல்லூரி அணிக்காக ஆள் பொறுக்க, நெப்ராஸ்காவின் குட்டி ஊர்ப் பள்ளிகளைப் பல வருஷமாகச் சுற்றுகிறவர். உள்ளூர்க்காரர்களின் நச்சரிப்புக்குப் பயந்தே எங்கே போனாலும் வெளியூர் அணியின் ஜனங்கள் உட்காரும் பக்கம் போய் உட்காருவார். இங்கேயும் ஒரு தாய் மோப்பம் பிடித்து வந்துவிட்டாள்.

மைதானத்தில் அவள் காட்டிய கோல்ட்டன் ரைமர்ஸ் மறுபடியும் பாய்ந்தான். படிப்பது பதினோராம் வகுப்புதான், ஆள் டிராக்டர் மாதிரி இருந்தான். பந்தோடு ஓடிவந்த வெளியூர்ப் பையன் அவன் தோளில் மோதி, தலைக்கவசம் தரையில் இடிக்க மல்லாந்தான்.

எதிர்ப்பக்கத்தில் உள்ளூரே எழுந்து நின்று கத்தியது. இவள் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெற்ற வயிறு, பிள்ளைக்கு அடிபடுமோ என்று பயப்படுகிறது என நினைத்துக்கொண்டார் குசேரா.

“பாத்தீங்கல்ல சார்?”

“பாத்தேன்மா. ஆனா யாரை அடிக்கிறான்னு பாருங்க. எதிர் டீம்ல மாத்தி இறக்கக்கூட ஆள் இல்ல. இருக்கிறதும் நோஞ்சானுங்க. கடைசி டிவிஷன் பசங்களை உருட்டி விளையாடறதை வச்சு இவன் சூரன்னு நான் எப்படி முடிவு பண்றது?”

அவள் முகம் சுருங்கியது. “அதையேதான் சார் நானும் சொல்றேன். இவன் இந்தப் பசங்களோட ஆட வேண்டியவனே இல்ல. இவனுக்குச் சரிசமமான ஆளுங்க உங்ககிட்டதான் இருக்காங்க.”

“இப்படித்தான் ஒருத்தனை நம்பிக் கூட்டிட்டுப் போனேன். நிஜமான தடியனுங்க எதிர்ல நின்னதும் சுருண்டுட்டான். என் வேலைக்கே வேட்டு வச்சிருப்பான்.”

“இவன் சுருள மாட்டான். இவன் அடி எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும் சார்.”

“ஸ்கூல் முடிக்கவே இன்னும் ஒரு வருஷம் இருக்கேம்மா.”

“கூடுதலா வகுப்புக்குப் போனா முன்னாடியே முடிச்சிடலாமாம். விசாரிச்சுட்டேன்.”

குசேரா சிரித்தேவிட்டார். “மத்த அம்மாங்க எல்லாம், பையன் இன்னும் கொஞ்ச நாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும்னு கெஞ்சுவாங்க. நீங்க என்னடான்னா துரத்தறீங்க!”

அவள் சிரிக்கவில்லை. மடியில் காகிதக் கிண்ணத்தில் பீன்ஸ் குழம்பு ஆறிப்போய்க் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் குசேரா எழுந்தார். “என் முடிவு இதுதான். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே ஆடட்டும். உடம்பும் இன்னும் முறுக்கேறும். அடுத்த வருஷம் வந்து பாக்கறேன்.”

கோட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்து விழுந்தது. அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

குசேராவுக்கு மனசு கேட்கவில்லை. “சரி சரி, அழாதீங்க. உங்க பையன் எங்கே? கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்.”

அவள் மைதானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே வேலியோரத்தைக் காட்டினாள். அங்கே வெளியூர் அணியின் சட்டையோடு ஒரு வாலிபன் சக்கர நாற்காலியில், கைகால் அசையாமல் சாய்ந்துகிடந்தான். ஒல்லியான பையன் ஒருவன் பக்கத்தில் நின்று அவனுக்கு பன்னைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

“போன வருஷம் ரைமர்ஸ் மோதினது அவன்மேலதான். என் பெரியவன்.”

குசேரா, ஊட்டிக்கொண்டிருந்த பையனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு அடுத்த வருஷம் சின்னவன் இறங்கறான் சார்.”