யாரிடமிருந்து வந்தது?

இரத்தத்தில் எந்த அபூர்வக் கிருமி புகுந்தாலும் அதன் பெயர், மருந்து, அதைக் கொண்டுவந்த ஆள் எல்லாவற்றையும் செண்பகத்தின் ஆய்வக இயந்திரம் ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடும். போன வாரம் அது சொன்ன நர்ஸின் கையை நோயாளியின் உறவினர்கள் முறித்துப் போட்டார்கள்.

இன்று, புதுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருந்த இருளப்பனுக்குக் காய்ச்சல். அவரைக் கட்டிப்பிடித்துப் பத்திரிகைக்குப் படம் கொடுத்த மருத்துவமனை டீன்தான் கிருமியைக் கொண்டுவந்த ஆள் என்றது இயந்திரம்.

"யாராவது வார்டுபாய் பேரப் போடும்மா," என்றார் டீன்.

"வெளிய ஸ்பீக்கர்லயும் சொல்லிருச்சு சார். வெளிப்படையா இருக்கணும்னு நீங்கதானே மாட்டச் சொன்னீங்க?"

கதவைப் பிளந்துகொண்டு இருளப்பனின் உறவினர்கள் உள்ளே பாய்ந்தார்கள். டீனின் பல் ஒன்று செண்பகத்தின் மேசையில் வந்து விழுந்தது.

மருந்துச் சீட்டோடு வாசலுக்கு ஓடினாள். "வழி விடுங்கண்ணே! உடனே மருந்து ஏத்தலேன்னா இருளப்பன் உசுரு போயிரும்!"

"இரும்மா," என்றார் இருளப்பனின் மைத்துனர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "வரிசையில நிக்கிறோம்ல? இன்னும் நாலு பேரு அடிக்கல."