பதினைந்தரைப் புள்ளி

நெரிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்கு, கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் கையை விடாமல் ரக்பி பார்க்கிற ஜோடி. அவள் நாடி பார்க்கிறாள் என்பது டெல்வினுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பந்தயம் கட்டிக் கட்டியே வேனையும் வீட்டையும் தொலைத்தவன் அவன். இன்னொரு தடவை ஒரே ஒரு பென்னி கட்டினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நெரிஸ் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்றிலிருந்து பாங்குக் கணக்கு அவள் பொறுப்பு. முடிதிருத்தும் கடையின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. திங்கட்கிழமை ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கும் அவனைத் தனியாக விடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். தோற்றுப்போன ஆட்டத்தில் ஒரு மனுஷனின் நாடி துள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இன்றைக்கு அது துள்ளிக்கொண்டிருந்தது. கைச்செலவுக்கு என்று அவள் கொடுத்த இருபது பவுண்டைக் காலையில் ரொட்டி வாங்கப் போன வழியில் பந்தயக் கடையில் கட்டிவிட்டு வந்திருந்தான். இரண்டு வருடம் அடக்கிய கை, இரண்டு நிமிடத்தில் மானத்தை வாங்கிவிட்டது.

பான்ட்ரீவென் அணி ஜெயிக்கும் என்று அந்த ஊர்ப் பாதிரியார்கூடக் கட்டமாட்டார். அதனால்தான் கடையில் அந்த அணிக்குப் பதினைந்தரைப் புள்ளி முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். பதினைந்து புள்ளி வரை தோற்றாலும் டெல்வின் கட்டிய பணம் ஜெயிக்கும். பதினாறோ அதற்கு மேலோ தோற்றால் அம்போ, பணம் எதிரணிமேல் கட்டியவர்களுக்கு.

எதிரணி முப்பத்து மூன்று, பான்ட்ரீவென் பன்னிரண்டு. கடைசி நிமிடம். மழை வேறு பிடித்துக்கொண்டதால் ஜனங்கள் ஆட்டத்தைக் கைகழுவிவிட்டு மதுக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்த பிரின் எழுந்து டெல்வினின் தோளைத் தட்டினான். "இன்னும் என்னத்தடா பார்க்குற? வா, இடம் பிடிக்கலாம்."

"நனைஞ்சது நனைஞ்சாச்சு. முடியட்டும்" என்றான் டெல்வின். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் நெரிஸைப் பார்த்தான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே கிளப்புகிறவள் இன்றைக்கு அசையவில்லை. மழைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள் போல, நம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அது நடந்தது. சேற்றில் ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் சரிய, அடியில் கிடந்த பான்ட்ரீவென்காரன் ஒருவன் பந்தைக் கோட்டுக்கு அப்பால் அழுத்திவிட்டான். ஐந்து புள்ளி. முப்பத்து மூன்றுக்குப் பதினேழு. வித்தியாசம் சரியாகப் பதினாறு.

நேரம் முடிந்துவிட்டது. கோட்டுக்கு அப்பால் பந்தை அழுத்தியதற்குக் கிடைக்கும் ஒரே ஓர் உதைதான் பாக்கி. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு புள்ளி. ஜெயித்தவர்களுக்கும் அது வேண்டாம், தோற்றவர்களுக்கும் வேண்டாம். உதைக்க வேண்டிய ஓவைன் வாரம் முழுக்கக் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். குளிருகிறது, வேண்டாம் என்று அவன் திரும்பி நடந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உதைடா, உன் புண்ணியமாகப் போகும், உதை என்று டெல்வின் உள்ளுக்குள் கெஞ்சினான். வெளியே மெனக்கெட்டு ஒரு கொட்டாவி விட்டான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

முகத்தை அடக்கலாம், நாடியை என்ன செய்வது? அது தறிகெட்டு ஓடியது. அவள் விரல்கள் அதன்மேலேயே இருந்தன. இதோ கேட்கப்போகிறாள், இதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

ஓவைன் பந்தை எடுத்துக்கொண்டு பக்கக்கோட்டுக்கே போனான். நிதானமாக நிறுத்தி வைத்தான். பூட்ஸிலிருந்த சேற்றைக் காலுறையில் துடைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து நின்றான்.

பந்து காற்றில் ஏறி வெளியே விலகிப் போனது. போயே போய்விட்டது என்றுதான் டெல்வின் நினைத்தான். காற்று அதைத் திருப்பியது. வலது கம்பத்தின் உட்பக்கம் மோதி உள்ளே விழ, கோட்டு நடுவர்கள் இருவரும் கொடியை உயர்த்தினார்கள். முப்பத்து மூன்றுக்குப் பத்தொன்பது. பதினாலு.

ஜெயித்துவிட்டான். கத்தாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டான். கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. தன்னை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை இருபது பவுண்டுக்கு ஏமாற்றியிருக்கிறோமே. இதுதான் கடைசி என்று சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்துக்கு அவன் புதியவன் அல்ல.

"போலாமா? பஸ் போயிடும்."

நெரிஸ் எழுந்திருக்கவில்லை. பிடி இறுகியது, நகங்கள் தோலில் பதிந்தன. அவள் உதடு வெளுத்திருந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று டெல்வினுக்குப் புரிந்தது. அக்கா வீடு, பெட்டி, காலியான அறை எல்லாம் கண்முன் வந்து போயின. இனி மறைத்து என்ன பயன்?

"நெரிஸ், கோவப்படாத. வெறும் இருபது பவுண்டுதான் கட்டினேன். ஜெயிச்சதும் ஜெயிச்சிட்டேன். இனிமே சத்தியமா..."

அவன் பேசியது அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. ஆள் ஒழிந்த மைதானத்தில் புள்ளிப் பலகையையே பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

"நான் எதிரணி மேல கட்டியிருந்தேன், டெல். கணக்குல இருந்த அத்தனையும்."