ஏற்றத்தில் கேட்ட கேள்வி

“ஏனுங்க, அந்த ஆறாங்கிளாசுல அப்பிடி என்னத்தைங்க சொல்லித் தருவாங்க?”

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அண்ணாமலைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பதில் சொல்ல மூச்சு வேண்டுமே. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து விடியும் முன்பே கிளம்பியும் இன்னும் பாதி மலைகூட ஏறவில்லை.

கேட்டவள் மயிலம்மாள். அடிவாரத்தில் உப்பு வாங்கிக்கொண்டு நின்றவள், “நானும் அந்த ஊருதானுங்க, வழி காட்டுறேன் வாங்க” என்று தானாகவே சேர்ந்துகொண்டாள். தலையில் மூட்டையோடு அவள் பாட்டுக்கு ஏறினாள். வெறும் குடையோடு வந்த இவருக்குத்தான் நாக்குத் தள்ளியது.

“கணக்கு, பூகோளம், சரித்திரம், விஞ்ஞானம், தமிழ். வருஷம் முடியறதுக்குள்ள ஒரு பிள்ளைக்கு இன்னின்ன தெரிஞ்சிருக்கணும்னு சர்க்கார் திட்டமே போட்டிருக்கும்மா. படிக்கத்தான் பிள்ளை இல்லை.”

அதுதான் அவருடைய கவலை. மேலே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு திறந்து ஒரு வருஷம் ஆகிறது. ஐந்தாவது முடித்த பிள்ளைகள் இருந்தும் ஒருவரும் சேரவில்லை. ஏன் என்று கேட்டால் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. இன்று சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க ஆள் வராவிட்டால் வகுப்பை மூடிவிட வேண்டும் என்பது உத்தரவு. மாற்றலாகி வந்ததும் முதல் காரியமே ஒரு வகுப்பை மூடுவதா என்று அவருக்கு மனசே ஆகவில்லை.

“பூகோளம்னா?”

“ஊர், மலை, ஆறு பத்தின படிப்பு.”

“அப்ப எங்க அருவித் தண்ணி எங்கீங்க போவுது?”

“புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, ஐயாறா ஓடி, காவேரியில சேருது. அப்புறம் கடல்.”

“கடலுக்கேவா போவுது” என்று அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் சமதரையாக இருந்தது. அங்கே அவள் வாயே திறக்கவில்லை. ஏற்றம் செங்குத்தாகும் இடமாகப் பார்த்து அடுத்த கேள்வி வந்தது.

“கணக்குல, எங்க காடு மாதிரி கோணல்மாணலா இருந்தா எத்தனை ஏக்கருன்னு சொல்ல முடியுங்களா?”

“முடியும். மூணு மூலை மூணு மூலையா பிரிச்சு... ஒவ்வொண்ணையும்... கணக்குப் போட்டு...” அவர் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். “கூட்டினா வந்துடும்.”

“சரித்திரத்துல?”

“இங்கிலாந்து ராஜாக்கள்... வரிசையா.”

“எங்க மலையையும் ஒரு ராசா ஆண்டாருங்களே, வில்லுல கெட்டிக்காரரு. அவரு வாராரா?”

“அவர்... தமிழ்ப் பாடத்துல வருவார். ரெண்டு வரி.”

“ரெண்டே வரிதானுங்களா?”

“ரெண்டே வரிதான்மா” என்றார், தாமே புத்தகம் எழுதியவர் போல வெட்கப்பட்டு.

கடைசி ஏற்றம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் ஒரு மூங்கில் புதரைக் காட்டினாள். கன்றுகள் இடுப்பளவுதான் இருந்தன.

“எங்க பாட்டன் காலத்துல மூங்கிலு பூத்துச்சாமுங்க. அப்புறம் இப்பத்தான், நாலு வருசம் முன்னால. இந்தச் சரிவு, அந்தச் சரிவு, எல்லாம் ஒரே வருசம் பூத்து, அரிசி குடுத்துட்டு, ஒண்ணாச் செத்துப் போச்சு. அதுக்கு வருசத்தை யாருங்க எண்ணிச் சொல்றது?”

“அது வந்து... சீதோஷ்ணம்...” என்று கெத்தாகத்தான் ஆரம்பித்தார். மேற்கொண்டு மூச்சும் வரவில்லை, விஷயமும் வரவில்லை. குடையை ஊன்றி நின்றுவிட்டார்.

“தெரியலைம்மா. நிஜமாவே எனக்குத் தெரியலை.” குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். களைப்பை மறந்து சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். “ஆனா நல்ல கேள்வி. எப்படித்தான் எண்ணுது? சேலத்துல செடிகொடி சாஸ்திரம் படிச்சவர் ஒருத்தர் இருக்கார். அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்.”

அதற்குப் பிறகு மயிலம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் ஊரே நின்றது. மயிலம்மாள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர்களிடம் போய் ஏதோ மெல்லச் சொன்னாள். அடுத்த நிமிஷம் ஊர்ப் பெரியதனக்காரர் கருப்பண்ணன் தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர், பிள்ளைகளோடு.

“ஆறாங்கிளாசுக்குப் பேரு எழுதிக்கங்க சாமி.”

அண்ணாமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஒரு வருஷமா இல்லாதது, இன்னைக்கு எப்படிங்க?”

கருப்பண்ணன் சிரித்தார். “எங்கூர்ல பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால மாப்பிள்ளையை மயிலம்மா கூட மலையேத்தி உட்ருவோமுங்க. மூச்சு வாங்கறப்ப ஆளுக்குப் பொய் வராது, கோவமிருந்தா மறைக்க முடியாது. புள்ளைங்களை ஒப்படைக்கறதுன்னாலும் அப்பிடித்தானுங்க.”

ஊர் ஊராகப் பரீட்சை வைத்தே பழகியவருக்குக் காது சிவந்துவிட்டது. மயிலம்மாள் பக்கம் திரும்பினார். “அப்ப, ஆத்தையும் கணக்கையும் சரியாச் சொன்னதுக்குத்தானே பாஸ் போட்டீங்க?”

“அதுக்கில்லீங்க. மூங்கில் கேள்விக்குத் தெரியாதுன்னீங்க பாருங்க, அதுக்கு” என்றாள் மயிலம்மாள். பின்னால் ஒளிந்து நின்ற பெண்ணை முன்னால் இழுத்து நிறுத்தினாள். “போன வருசம் வந்த ஆபீசர், சந்தேகமிருந்தா கேளுங்கன்னாருங்க. இதே கேள்வியைக் கேட்ட எம்பொண்ணை நாள் பூரா முட்டி போட வெச்சுட்டுப் போனாரு. மொதல்ல இவ பேரை எழுதிக்கங்க.”