ஆளுக்கு ஐந்து

“நாலாம் நம்பரை அனுப்பிடலாம் மேடம். நீங்க போட்ட படமே சொல்லுதே” என்றார் மேனேஜர்.

சுவரில் மாட்டியிருந்த படத்தை டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். எட்டுத் தையல் மெஷினுக்கு எட்டுப் பட்டை. ஏழு பட்டைகள் அடக்கமாக இருக்க, நாலாவது மட்டும் முறைத்துக்கொண்டு உயரமாக நின்றது.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். இந்தத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் பெண்களுக்கு ஒரு மாதம் வகுப்பெடுக்க வந்திருந்தாள். தையல் கோணிப்போன காலரை அவரவர் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம் அதை எண்ணித் தாளில் குறிக்க வேண்டும். அன்றன்றைய எண்ணிக்கைதான் படத்தில் பட்டையாக ஏறும். அங்கிருந்துதான் பாடம் ஆரம்பம்.

முதல் நாளே சொல்லியிருந்தாள்.

“சராசரின்னா பயப்படாதீங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை வருமோ, அதான் சராசரி.”

இன்னொன்றும் சொன்னாள்.

“நிஜமான எண்ணிக்கை ஏறும், இறங்கும். எல்லாருக்கும் ஒரே எண்ணா வந்து நின்னா நம்பாதீங்க. யாரோ உட்கார்ந்து ஜோடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

எல்லாரும் சிரத்தையாக எழுதிக்கொண்டார்கள். நாலாம் நம்பர் மட்டும் எழுதவில்லை.

“எண்ணத் தெரியாமலா இத்தனை வருஷம் தைச்சேன்” என்று முணுமுணுத்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து மெஷின் மூணாம் நம்பரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வந்த சண்டையாம். ஆறு வருஷமாகிறது.

படத்தை மாட்டிய அன்று மேனேஜர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். மாதக் கடைசியில் யார் பட்டை உயரமோ, அவர் வீட்டுக்குப் போகலாம். டீச்சர் நடத்திய பாடத்தில் அது இல்லை.

“பழைய ஆளாச்சேன்னு நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன்” என்றார் இப்போது. “நாளைக்கும் இவதான் அதிகம்னா, அவ்வளவுதான்.”

டீச்சர் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் மாட்டுவதற்கு முன்பு நாலாம் நம்பருக்குத் தினம் இரண்டுதான். எட்டுப் பேரில் அதுதான் குறைச்சல். மாட்டிய மறுநாள் ஒன்பது. தொழில் மறந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கும், ஒரே நாளில் மறக்காது.

மூணாம் நம்பருக்கு எட்டாக இருந்தது. அதே நாளில் ஒன்றாக இறங்கியிருந்தது.

இரண்டு பேருடையதையும் கூட்டிப் பார்த்தாள். முன்பும் பத்து. பின்பும் பத்து.

டீ இடைவேளையில் நாலாம் நம்பரிடம் போய் நின்றாள்.

“அக்கா, மூணாம் நம்பர் பெட்டியிலேர்ந்து தினம் ஏழு காலர் உங்க பெட்டிக்கு நடந்து வருதா?”

நாலாம் நம்பர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மழுப்பவில்லை.

“அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு டீச்சர். ஊசி ரெண்டாத் தெரியுது. அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும்தான்.”

“ரெண்டு மூணு எடுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏழா எடுப்பாங்க?”

“அரைகுறையாச் செஞ்சு எனக்குப் பழக்கமில்ல.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா அதுக்கும் சண்டைக்கு வருவா.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க வாயைத் திறந்தா அவ வேலை போயிடும். எனக்கு வேற எங்கயாவது ஒரு மெஷின் கிடைக்கும். கண்ணு தெரியாதவளுக்கு யார் குடுப்பா?”

சொன்னால் ஒருத்தி, சொல்லாவிட்டால் இன்னொருத்தி. படத்தை வரைந்தது தன் கை என்று நினைக்க டீச்சருக்கே வெட்கமாக இருந்தது.

ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மூணாம் நம்பர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் சாயங்காலம் எண்ணிக்கைத் தாள் வந்தது. டீச்சர் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

ஐந்து. ஐந்து. ஐந்து. எட்டு மெஷினுக்கும் ஐந்து.

நேரே தையல் கூடத்துக்குப் போனாள்.

“யார் செஞ்ச வேலை இது?”

எட்டு மெஷின் சத்தமும் நின்றது. தைத்த காலர் கட்டுகளை ஸ்டோரில் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த நாலாம் நம்பர், தன் பெட்டியைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். ஒன்பது காலர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் கிடந்தது.

மூணாம் நம்பர்தான் வாயைத் திறந்தாள்.

“நீங்க நடத்தின பாடம்தானே டீச்சர். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி, சமமாப் பங்கு போட்டோம்.”

நாலாம் நம்பர் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

“எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாக் கேட்குது.”

பின்னாலேயே வந்த மேனேஜர் டீச்சர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

“என்ன மேடம், எல்லாருக்கும் ஒரே எண்ணா இருக்கு. நம்பலாமா?”

“மொத்தம் நாற்பது சார். எட்டால வகுத்தா அஞ்சுதானே வரும்?” என்றபடி, தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே அப்பட்டமான பொய்க் கணக்கின் கீழே டீச்சர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.