தப்புக்கு ஒரு மீன்

"அம்மையே, இம்மீன்களின் விலை யாது?"

ராயபுரம் மீன் கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவர் லியோனார்ட். கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த ஆங்கிலோ-இந்தியர். துறைமுகக் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர்.

மீன்காரி கெங்கம்மா, கூறு கட்டி வைத்திருந்த எட்டு மீனில் ஒன்றை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா தொர, கூத்துல ராஜா பேசற மாரி கேக்கற? மீன் கேக்கற மாரி கேளு. தப்புக்கு ஒரு மீன் போச்சு."

"மன்னிக்க வேண்டுகிறேன்."

இன்னொரு மீன் போயிற்று.

கூட வந்த குமாஸ்தா கருணாகரனுக்குப் பொறுக்கவில்லை.

"அநியாயம் பண்றியேம்மா! அடுத்த மாசம் இவருக்குத் தமிழ்ல வாய்ப் பரீட்சை. கூலியாளுங்ககிட்ட பேச வரலேன்னா வேலை போயிடும். மூணு பிள்ளைங்க. ஒரு புஸ்தகம் முழுக்க மனப்பாடம் பண்ணியிருக்கார், தெரியுமா?"

"அதான் வாயெல்லாம் புஸ்தக வாடை. நீ குறுக்க வராத நைனா."

"நான் மொழிபெயர்த்துச் சொல்றேன்."

"சொல்லு. அதுக்கு ரெண்டு மீன்."

"வேறு கடைக்குப் போகலாம் சார்" என்றார் கருணாகரன்.

"அங்கே விரலைக் காட்டினாலே மீன் கிடைத்துவிடுகிறது" என்றார் லியோனார்ட், இங்கிலீஷில்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. முழுக் கூறுக்குப் பணம் கொடுத்தவர் நாலு மீனோடு வீடு போனார். சில நாள் இரண்டோடு. பேசத் தெரியாத மனுஷனிடம் பிழைக்கிறாளே என்று தெருவே கெங்கம்மாவைத் திட்டியது.

பரீட்சைக்கு முதல் நாள் அவள் கை மீனுக்கு நீண்டபோது லியோனார்ட் வெடித்தார்.

"கைய எடும்மா! துட்டு குடுத்தவன் நானு, மீன் உனக்கா? வூட்ல புள்ளைங்க இன்னா துண்ணும்?"

கெங்கம்மா முழுக் கூறையும் அவர் பையில் போட்டாள்.

மறுநாள் மாலை கருணாகரன் ஓடி வந்தார். "பரீட்சை பாஸ்! கேள்வி கேட்ட அதிகாரியே மிரண்டுட்டார்!" பின்னால் லியோனார்ட் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல்காரன் வந்து இங்கிலீஷில் தபாலாபீஸுக்கு வழி கேட்டான். பி.ஏ. படித்த கருணாகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சரியான வினைச்சொல்லைத் தேடினார்.

கெங்கம்மா செதிலைச் சுரண்டியபடியே, தலை நிமிராமல், சரளமான இங்கிலீஷில் வழி சொல்லி அவனை அனுப்பினாள்.

லியோனார்ட் அவள் முன்னால் குனிந்தார். "உனக்கு... இங்கிலீசு தெரியுமா?"

"தெரியும்னு சொல்லியிருந்தா நீ தமிழ்ல வாயத் தொறந்திருப்பியா தொர? வெள்ளக்காரங்க வூட்ல ஆயாவா இருந்தப்ப எனுக்குக் கத்துக் குடுத்த தொரசானி, தப்பா பேசுனா சோத்துத் தட்டையே எடுத்துடுவா. நான் மீனத்தான எடுத்தேன்!"